சர்வர்களுக்கு மேஸ்திரி தேவையா?

"சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்." ரேஷன் கடை வாசலில் இந்த வார்த்தையைக் கேட்காத குடும்பம் நமது வாசகர்களில் இருக்க முடியாது. பை கையில் இருக்கிறது, அரிசி மூட்டை கண்ணெதிரே இருக்கிறது, கைரேகையும் வைத்தாகிவிட்டது. ஆனால் எங்கோ கண்காணாத இடத்திலுள்ள ஒரு யந்திரம் பதில் சொல்லவில்லை என்பதற்காக அரை நாள் கூலி போகிறது. நூறு நாள் வேலைத் தளங்களில் செல்போன் மூலம் தினம் இருமுறை போட்டோ எடுத்து ஆஜர் போட வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியபோதும் இதே கதைதான். மண் வெட்டியது வெட்டியதுதான். யந்திரம் பதிந்துகொள்ளாத நாளுக்குக் கூலி சந்தேகந்தான்.

ஆகவே சர்வர் என்பது படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அது காலையில் யார் சொல்லி எழுந்திருக்கிறது, யார் சொல்லி வேலை செய்கிறது, அதன் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதெல்லாம் நமது சோற்றோடு சம்பந்தப்பட்ட கேள்விகளாகிவிட்டன.

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டுவருபவர் நினைவுக்கு வருவது சகஜம். பொருளும் அதுதான்: கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது. இங்கே அந்த வேலையைச் செய்வது குளிரூட்டிய கூடத்தில் இரும்பு அலமாரிகளில் அடுக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள். அவற்றின் முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு பெரிய சேவைக்கு ஒன்றிரண்டு போதாது. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன.

புதிதாக வந்து இறங்கும் சர்வருக்கு ஒன்றுமே தெரியாது. அதற்குப் பெயர் வைக்க வேண்டும், கடிகாரத்தைச் சரி செய்ய வேண்டும், உள்ளே வர யாருக்கு அனுமதி என்று சொல்ல வேண்டும், தேவையற்ற கதவுகளை அடைக்க வேண்டும், வேண்டிய புரோகிராம்களை ஏற்ற வேண்டும். இந்த ஆயத்த வேலையை ஆரம்ப காலத்தில் ஆட்களே கையால் செய்தார்கள். இருநூறு யந்திரம் என்றால் இருநூறு முறை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நடுராத்திரி ஷிப்டில் நூற்றி முப்பதாவது யந்திரத்தில் ஒரு வரி விட்டுப்போகும். யாரோ ஒருவர் அவசரத்துக்கு ஒரு யந்திரத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்துவிட்டு எழுதிவைக்க மறந்துபோவார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஒரே மாதிரி இருக்க வேண்டிய இருநூறும் இருநூறு விதமாக நிற்கும். ஏன் இன்று இது நின்றுவிட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவராலும் ஆகாது.

இதற்கு நிர்வாகங்களுக்குப் பிடித்த பரிகாரம் எதுவாக இருக்கும்? வேறென்ன, மேஸ்திரிதான்! நடுவில் ஒரு பெரிய யந்திரத்தை வைத்து, அதன் கையில் எல்லாச் சாவிகளையும் கொடுத்து, அது மற்ற யந்திரங்களுக்கு உத்தரவு போடும்படி செய்தார்கள். இந்தக் காரியத்துக்கு வந்த சாதனங்களின் பெயர்களைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். ஒன்றுக்குப் பெயர் பப்பெட், அதாவது பொம்மலாட்டப் பொம்மை. சால்ட் என்று இன்னொன்று. அதில் நடுவிலிருக்கும் யந்திரத்துக்கு மாஸ்டர் என்று பெயர்; வேலை செய்கிற யந்திரங்களுக்கு மினியன், எடுபிடி என்று அர்த்தம். இந்தப் பெயர்களை நாம் வைக்கவில்லை.

நடுவில் ஒரு மேஸ்திரி இருப்பதில் சௌகரியமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஓரிடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். எது ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்று ஒரே பார்வையில் தெரியும். அவசரத்துக்கு ஒரு கதவை எல்லா யந்திரங்களிலும் ஒரே நிமிஷத்தில் மூடலாம். இவை வாஸ்தவமான நன்மைகள்.

ஆனால் மேஸ்திரியின் உத்தரவு தண்டோராவைப் போன்றது. தண்டோரா போட்டபோது ஊரில் இல்லாதவனுக்கு அது தெரியாது. உத்தரவு போன சமயத்தில் அணைந்து கிடந்த யந்திரமும், கம்பி அறுந்து தனியாக நின்ற யந்திரமும் பழைய நிலையிலேயே இருந்துவிடும். இன்றோ, அமேசான் போன்ற கம்பெனிகளிடம் யந்திரங்களை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். கூட்டம் வந்தால் பத்து யந்திரம் புதிதாகப் பிறக்கிறது. கூட்டம் கலைந்தால் பத்தும் மறைகிறது. மேஸ்திரியின் பேரேட்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் செத்துப்போனவர்கள், வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பேரேட்டில் இல்லை என்ற நிலை வந்துவிடுகிறது. (நமது ஒப்பந்தக்காரர்களின் மஸ்டர் ரோலிலும் இந்த விசித்திரம் உண்டு. ஆனால் அங்கே அது தவறுதலாக நடப்பதில்லை.)

இதைவிடப் பெரிய அபாயம் சாவிக்கொத்து. 2020 ஏப்ரல் கடைசியில் சால்ட் சாதனத்தின் மாஸ்டரில் இரண்டு ஓட்டைகள் வெளியாயின. எந்த அனுமதியும் இல்லாத அந்நியன் மாஸ்டருக்குள் புகுந்து, அதன் கீழுள்ள அத்தனை யந்திரங்களுக்கும் உத்தரவு போடலாம் என்பதுதான் நிலைமை. அபாயத்தை அளக்கும் அளவுகோலில் அதற்கு 10க்கு 10 மார்க் போட்டார்கள். உலகமறிய இன்டர்நெட்டில் வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்ற மாஸ்டர்கள் அப்போது ஆறாயிரத்துக்கு மேல். ஓட்டையை அடைக்கும் மருந்து ஏப்ரல் 29ந் தேதி வந்தது. மே 2, 3 தேதிகளிலேயே லினியேஜ் ஓ.எஸ்., கோஸ்ட் ஆகிய ஸ்தாபனங்களின் சர்வர்களுக்குள் ஆட்கள் புகுந்துவிட்டார்கள். கோஸ்டின் யந்திரங்களைத் தங்கள் சொந்தக் கணக்குக்குக் கிரிப்டோ நாணயம் அடிக்கும் கூலிகளாக ஓட்டப் பார்த்தார்கள். புகுந்தவர்கள் ஒவ்வொரு யந்திரத்தின் பூட்டையும் உடைக்கவில்லை. மேஸ்திரியைப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

சரி, மேஸ்திரி இல்லாமல் எப்படி நடக்கும்? ஆலையில் ஷிப்டுக்கு வருகிற தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் யாரும் எழுப்பி உத்தரவு சொல்வதில்லை. வாசலில் நோட்டீஸ் போர்டு இருக்கிறது. வருகிறவர் படிக்கிறார், தன் இலாகாவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறார், உள்ளே போய் வேலையைத் தொடங்குகிறார். நேற்று லீவில் இருந்தவருக்கும் இன்று அதே நோட்டீஸ் காத்திருக்கிறது. சர்வர்களையும் இப்படியே நடத்த முடியும், நடத்திக்கொண்டும் இருக்கிறார்கள்.

இது நேற்று முளைத்த யோசனையல்ல. 1993ல் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் மார்க் பர்ஜஸ் என்ற பௌதிக விஞ்ஞானி சி.எஃப்.எஞ்சின் என்ற சாதனத்தை எழுதினார். ஒவ்வொரு யந்திரத்துக்குள்ளும் ஒரு சிறு ஏவலாள் குடியிருப்பான். தான் எப்படி இருக்க வேண்டும் என்ற தாளைப் பொது இடத்திலிருந்து அவனே எடுத்துவந்து, தன் நிலையோடு ஒப்பிட்டு, குறை இருந்தால் சரிசெய்வான். பொது இடத்தோடு தொடர்பு அறுந்துபோனால் கடைசியாக எடுத்துவந்த பிரதியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வான். பிற்காலத்தில் பர்ஜஸ் இதை ஒரு தத்துவமாகவே வகுத்தார். ஒருவன் தன்னைப் பற்றி மட்டுமே வாக்குக் கொடுக்க முடியும், இன்னொருவன் சார்பில் வாக்குக் கொடுக்க முடியாது என்பது அதன் சாரம். யந்திரங்களைப் பற்றித்தான் சொன்னார்.

இப்போதைய நடைமுறையைச் சற்று விவரமாகவே பார்ப்போம். வாடகை யந்திரம் ஒன்று கண் விழிக்கிறது. அதனுள் கிளவுட்-இனிட் என்ற சிறு புரோகிராம் இருக்கிறது. உபுண்டு யந்திரங்களை அமேசானில் ஓட்டுவதற்காக முதலில் எழுதப்பட்டு, இன்று அநேகமாக எல்லா வாடகைக் கம்பெனிகளிலும் பரவிவிட்ட ஒன்று. அது கேட்கும் முதல் கேள்வி, "நான் யார்?" என்பதுதான். அமேசான் உள்படப் பல கம்பெனிகளில் இதற்கென்றே 169.254.169.254 என்ற முகவரி உண்டு. வாடகைக்காரர் தன் யந்திரத்துக்கு எழுதிவைத்த சிறு கடிதம் அங்கே இருக்கும். அமேசானில் அந்தக் கடிதம் 16 கிலோபைட்டுக்கு மேல் போகக் கூடாது; ஆங்கிலத்தில் சுமார் 16 ஆயிரம் எழுத்து. முழு வேலையையும் அதற்குள் எழுத முடியாதாகையால், "இன்ன களஞ்சியத்தில் தாள் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்" என்று மட்டும் எழுதுகிறார்கள். களஞ்சியம் என்பது பெரும்பாலும் கிட் என்னும் பொதுப் பேரேடு. யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்பது அதில் பதிவாகிக்கொண்டே போகும். யந்திரம் அங்கே போய்த் தாளை எடுத்து, தன் மீது தானே நடத்திக்கொள்கிறது. அன்சிபிள் என்ற சாதனம் 2012ல் வந்தபோது நடுவிலிருந்து தள்ளுவதற்காகவே பெயர் பெற்றது; அதிலேயே 'அன்சிபிள்-புல்' என்று இழுத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. மேலே சொன்ன பப்பெட்டையும் சால்ட்டையுங்கூட மாஸ்டர் இல்லாமல் அந்தந்த யந்திரத்திலேயே ஓட்ட முடியும். அதாவது மேஸ்திரி இருந்துதான் தீர வேண்டுமென்று சாதனம் கேட்கவில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தாளில் "பத்து வாளி தண்ணீர் ஊற்று" என்று எழுதக் கூடாது. "தொட்டி நிறைந்திருக்க வேண்டும்" என்று எழுத வேண்டும். முன்னதை இரண்டு தரம் படித்தால் தண்ணீர் வழிந்தோடும். பின்னதை நூறு தரம் படித்தாலும் கேடில்லை. நிறைந்திருந்தால் சும்மா இருக்கும், குறைந்திருந்தால் குறைந்த அளவு மட்டும் ஊற்றும். ஒவ்வொரு முறை எழும்போதும், பிறகு அரைமணிக்கு ஒரு தரமும், யந்திரம் தாளைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது இதனால்தான் சாத்தியமாகிறது. கிளவுட்-இனிட் கடிதத்திலுள்ள வேலைகள் வழக்கமாக முதல் பிறப்பில் ஒரே ஒரு தரந்தான் நடக்கும். ஆகையால், மறுபடி எழும்போதும் தாளைப் பார் என்ற வேலையைத் தனியே ஏற்பாடு செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு தலையில் கை வைத்து உட்காருகிறவர்கள் ஏராளம். அரைமணி என்றால் எல்லாம் ஒரே நிமிஷத்தில் போய் நிற்கவும் கூடாது. சங்கு ஊதியதும் ஆயிரம் பேரும் ஒரே கேட்டில் முண்டினால் என்ன ஆகும் என்பதை ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒவ்வொன்றும் சில நிமிஷம் முன்பின்னாகப் போகும்படி சீட்டுக் குலுக்கி விடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு யந்திரம் கெட்டுப்போனால் அதை உட்கார்ந்து வைத்தியம் பார்க்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அதை அணைத்துவிட்டு வேறொன்றை எழுப்பினால் அது தாளைப் படித்துத் தானே தயாராகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆளை எழுப்பாமலே இது நடக்கும்.

ஆனால், மேஸ்திரி ஒழிந்தான், இனி எல்லாம் சுபம் என்று சிலர் எழுதுகிறார்களே, அதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. களஞ்சியத்தில் ஒரு தவறான வரியை எழுதினால் அத்தனை யந்திரங்களும் அதை விசுவாசமாக எடுத்துக்கொள்ளும். 2024 ஜூலை 19ந் தேதி நடந்ததை மறக்க முடியுமா? கிரவுட்ஸ்டிரைக் என்ற காவல் சாதனக் கம்பெனி, நமது நேரப்படி காலை 9.39க்கு ஒரு பிழையான கோப்பைத் தன் மையத்திலிருந்து உலகம் பூராவும் அனுப்பியது. 78 நிமிஷத்தில் திருப்பி வாங்கிக்கொண்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் விழுந்துவிட்டன. நமது நாட்டு விமான நிலையங்களில் பிரயாணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருத்திய கோப்பு தயாராக இருந்தும் ஏன் உதவவில்லை? எழும்போதே விழுகிற யந்திரம் அதை எப்படிப் போய் வாங்கும்? கடைசியில் தொழிலாளிகளே ஒவ்வொரு யந்திரமாகப் போய் உட்கார்ந்து கையால் அந்தக் கோப்பை அழித்தார்கள். இது ஆயத்த வேலைக்கான சாதனமல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான். தள்ளினாலும் சரி, இழுத்தாலும் சரி, சோதிக்காத உத்தரவை எல்லாம் ஒரே சமயத்தில் ஏற்றால் எல்லாம் ஒரே சமயத்தில் விழும். முதலில் ஐந்து யந்திரம், ஒரு மணி நேரம் பார்த்த பிறகு ஐம்பது, அதற்குப் பிறகு மற்றவை என்று போக வேண்டும். நேற்றைய நல்ல பிரதியை ஒவ்வொரு யந்திரமும் மடியில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே அது போர்டுக்கு வர வேண்டும். அந்தக் கையெழுத்தை யந்திரமே சரிபார்த்த பின்புதான் தாளை ஏற்க வேண்டும்.

போர்டில் ஒட்டுகிற நோட்டீஸோடு பெட்டிச் சாவியையும் சேர்த்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ரகசிய வார்த்தைகளை அந்த 16 கிலோபைட் கடிதத்திலேயே எழுதிவிடுகிறார்கள். யந்திரத்துக்குள் புகுந்த எவனும் படித்துக்கொள்ளலாம். 2019ல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் பாங்கில் நடந்த திருட்டிலும், யந்திரம் தன்னைப் பற்றி விசாரிக்கிற அதே உள்வாசலிலிருந்துதான் தாற்காலிகச் சாவி வெளியேறியது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின. அந்த வருஷம் நவம்பரில்தான் அமேசான் அந்த வாசலுக்குக் கூடுதலாக ஒரு தாழ்ப்பாள் கொண்டுவந்தது. அதை ஆரம்பத்திலிருந்தே போட்டிருக்கலாமே என்று கேட்பது நியாயந்தான்.

சாதனம் யாருடையது என்பதையும் பார்க்காமல் விட முடியாது. பப்பெட் 2005ல் திறந்த சாதனமாகத் தொடங்கியது. உலகெங்குமுள்ள தொழிலாளிகள் தங்கள் உழைப்பை அதில் சும்மா போட்டார்கள். 2022ல் பெர்ஃபோர்ஸ் என்ற கம்பெனி அதை வாங்கியது. 2024 நவம்பரில், இனிமேல் புதிய தயார்ப் பொதிகள் எங்கள் தனிக் கிடங்கிலிருந்துதான், எங்கள் நிபந்தனைப்படிதான் என்று அறிவித்தது. ஊரார் சேர்ந்து வெட்டிய குளத்துக்குப் பட்டா போடுகிற வேலை நமது கிராமங்களில் புதிதல்ல. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம்: எழுத்துப் பிரதி ஏற்கெனவே எல்லார் கையிலும் இருந்தது. எழுதியவர்கள் அதை எடுத்துக்கொண்டு 2025 ஜனவரியில் ஓப்பன்வாக்ஸ் என்ற பெயரில் தங்கள் சொந்தப் பொதியை வெளியிட்டுவிட்டார்கள். பிரதி கையில் இருந்ததால்தான் முடிந்தது.

மிச்சமாகிற நேரம் யாருக்கு? பத்துப் பேர் ராத்திரி கண் விழித்துச் செய்த வேலையை யந்திரம் எழும்போதே செய்துகொள்கிறது என்றால் நிர்வாகம் முதலில் கணக்குப் பார்ப்பது எத்தனை தலை குறைக்கலாம் என்றுதான். 1955ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தது இதே 'ரேஷனலைசேஷ'னை எதிர்த்துத்தான். அவர்கள் எதிர்த்தது தறியை அல்ல. ஒருவன் தலையில் பலருடைய வேலையைக் கட்டி மற்றவர்களை வெளியே தள்ளுவதைத்தான். தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ராத்திரி ஷிப்டில் சர்வர்களைக் காவல் காக்கிற நம் பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டியிருப்பதால் தொழிலாளிகள் அல்லாமற் போய்விடவில்லை. யந்திரம் தானே எழுந்து தானே தயாராகட்டும். அதனால் மிச்சமாகிற நேரம் அவர்களுடைய தூக்கத்துக்கும் படிப்புக்கும் போகட்டும். தாளை எழுதுவதற்கும், ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதற்கும் ஆள் வேண்டும். அந்த வேலையை அவசரமில்லாமல் செய்யப் போதுமான ஆள் வேண்டும்.

சர்க்கார் இலாகாக்களின் விஷயத்துக்கு வருவோம். சர்வர் வேலையை டெண்டர் விட்டுக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கிறார்கள். மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்து கம்பெனி போகும்போது, யந்திரங்களை எப்படித் தயாரித்தோம் என்ற ஞானமும் அதன் ஆட்களின் தலைக்குள்ளேயே போய்விட்டால், அடுத்து வருகிறவன் மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். அல்லது பழைய கம்பெனியையே கேட்ட விலைக்குக் கூப்பிட வேண்டியிருக்கும். இதைத் தடுக்கப் பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. டெண்டரில் இரண்டு வரி சேர்த்தால் போதும். ஒரு புது யந்திரம் யாருடைய கையும் படாமல், இலாகாவின் சொந்தக் களஞ்சியத்திலுள்ள தாளை மட்டும் படித்து வேலைக்குத் தயாராக வேண்டும். ஒப்பந்தத் தொகையின் கடைசித் தவணையைக் கொடுக்குமுன், இலாகா ஊழியர்கள் முன்னிலையில், கம்பெனி ஆட்கள் வெளியே நிற்க, அதைச் செய்து காட்ட வேண்டும்.